சொல்லாத மூன்று மாதம்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. மசக்கைக்கும் இது முற்றும் பொருந்தும். நேற்றுவரை நாவில் நீர் ஊற வைத்த தாளிப்பின் மணம் இன்று வயிற்றைப் புரட்டுவதும், பகல் பதினோரு மணிக்கே கண் செருகுவதும், காரணமின்றிக் கண்ணீர் பெருகுவதும், அடுத்த நாழிகையே மனம் துள்ளுவதும் அந்நிலையில் இருப்பவளுக்கே விளங்கும். கணவனுக்கு அது புதிர். மாமியாருக்கு அது பழைய நினைவு. அதே திங்களில் கருவுற்றிருக்கும் அண்டை வீட்டுப் பெண்ணுக்கோ அது அன்றைய செய்தி. ஆகவேதான் கருவுற்ற மாதர் இருவர் சந்தித்தால் பேச்சுக்குப் பஞ்சம் இருப்பதில்லை.

இந்தப் பேச்சு பொழுதுபோக்கு மட்டுமன்று, உயிரைக் காக்கும் கருவியும் ஆகலாம் என்பதைக் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆனால் இப்பேச்சு மிகத் தேவைப்படும் முதல் மூன்று மாதங்களில்தான் நம் பெண்கள் வாய் திறப்பதில்லை. இம்முரண்பாட்டையும், அதனைத் தீர்க்கும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மாதரும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலை, 1885-ஆம் ஆண்டில் அங்கு நில அளவை செய்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயரைத் தாங்கியது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் மலைச் சரிவுகள் பச்சைப் பாய் விரித்தாற்போல் தேயிலையால் மூடப்பட்டன. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் திரிங்காப். ஒரு புறம் சுங்கை பாலாஸ், மறு புறம் புளூ வேலி எனத் தேயிலைத் தோட்டங்கள்; இடையில் காய்கறித் தோட்டங்கள். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் இம்மலையில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வளர்த்தனர்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது தமிழர் வழக்கம். கடல் கடந்து வந்த முதல் தலைமுறைப் பெண்ணுக்கு அந்த வழக்கம் அறுந்தது. தாய் வீடு தஞ்சையிலோ சேலத்திலோ இருந்தது. நடுவில் வங்கக் கடல் கிடந்தது. 1938-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்திய அரசு தடுத்தபோது, சொந்த பந்தங்கள் தொடர்ந்து வந்து சேரும் வழியும் குறுகியது. அந்நிலையில் லயத்து அண்டை வீட்டு அக்காளே தாயானாள். ஆயாக் கொட்டகைப் பாட்டியே மருத்துவச்சியானாள். ஒரே நிரையில் கொழுந்து பறித்த பெண்கள் ஒருத்தியின் முகத்தைப் பார்த்தே அவள் நிலையை அறிந்து, அவள் கூடையில் ஒரு பிடி கொழுந்தைச் சேர்த்துப் போட்டனர். வாயால் சொல்லாமலே பகிர்ந்துகொண்ட துணை அது.

இன்று அந்தக் கட்டுக்கோப்பு தளர்ந்துவிட்டது. கத்தரியும் இயந்திரமும் கை விரலின் வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. அயல் நாட்டுத் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். தமிழ்க் குடும்பங்கள் பல சிற்றூர்களுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தன. மருத்துவ வசதி முன்னைவிடப் பன்மடங்கு பெருகியிருக்கிறது. பக்கத்தில் இருந்து கேட்கும் காதுகளோ குறைந்திருக்கின்றன.

மறைப்பதற்குக் காரணம் என்ன?

‘மூன்று மாதம் ஆகட்டும், பிறகு சொல்லலாம்’ என்பது பெரும்பாலான குடும்பங்களில் எழுதாச் சட்டம். கண்ணேறு படும் என்பது சிலருடைய அச்சம். கரு நிலைக்காமல் போனால் ஊராருக்கெல்லாம் விடை சொல்ல வேண்டுமே என்பது வேறு சிலருடைய கவலை. இவ்வழக்கத்தை மூட நம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் தகாது. கரு கலைவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்கிறது. அதனைப் பட்டறிவால் உணர்ந்த முன்னோர், நல்ல செய்தி சொன்ன வாயால் கெட்ட செய்தியும் சொல்ல வேண்டாமென்று பெண்ணைக் காக்கவே இவ்வழக்கத்தை வகுத்தனர் எனலாம்.

நம்முடைய சடங்குகளும் இதே கணக்கில்தான் அமைந்தன. வளைகாப்பு ஐந்தாம், ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் நடைபெறுகிறது. பிள்ளை பெற்ற மகளிர் சுற்றி நின்று, சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, ‘நாங்கள் கடந்த வழிதான் இது, அஞ்சாதே’ என்று சொல்லாமல் சொல்லும் அச்சடங்கு, மகளிர் துணைக்கு ஓர் அழகிய உருவம். தமிழ்நாட்டில் அரசே அங்கன்வாடிகளின் வாயிலாகச் சமுதாய வளைகாப்பு நடத்தி, ஏழைக் கர்ப்பிணிகளை ஒன்றாக அமர்த்திச் சத்துணவைப் பற்றியும் எடுத்துரைக்கிறது. ஆயினும் இவையெல்லாம் பிந்திய மாதங்களுக்கே உரியவை. முதல் மூன்று மாதத்திற்கு ஒரு சடங்கும் இல்லை. ஒரு கூட்டமும் இல்லை.

உடலுக்குள் நடப்பது

வெளியே ஒன்றும் தெரியாத அம்மாதங்களில்தான் உள்ளே பெரும்பணி நடக்கிறது. கரு உண்டான மூன்றாம் வாரம் தொடங்கி எட்டாம் வாரத்திற்குள் இதயம், மூளை, கை கால்கள் முதலிய உறுப்புகளின் அடிப்படை அமைந்துவிடுகிறது. மூளையும் தண்டுவடமும் தோன்றும் நரம்புக் குழாய் 28-ஆம் நாள் அளவில் மூடிக்கொள்கிறது. அப்போது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்க எண்ணும் நாளிலிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதன் காரணம் இதுவே.

மசக்கை பெரும்பாலோர்க்கு ஆறாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, நான்காம் ஐந்தாம் மாதத்தில் தணிகிறது. பத்தில் ஏழு பெண்களுக்கு ஏதேனும் ஓர் அளவில் குமட்டலோ வாந்தியோ உண்டு. இதன் காரணம் நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. சிலர் அதனை மனத்தின் பலவீனம் என்றுகூடச் சொல்லிப் பெண்களைப் புண்படுத்தினர். 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் குருதியில் கலக்கும் ஜி.டி.எஃப். 15 என்னும் சுரப்பையே முக்கியக் காரணமாகக் காட்டியது. கருவுறுமுன் எந்தப் பெண்ணின் உடலில் இச்சுரப்பு குறைவோ, அவளுக்குத் திடீரென்று அது பெருகும்போது தொல்லை மிகுகிறது. ஒருத்திக்கு மசக்கை கடுமையாகவும் இன்னொருத்திக்கு லேசாகவும் இருப்பது மன உறுதியைப் பொறுத்ததன்று, உடலமைப்பைப் பொறுத்தது என்பது இதனால் புலனாகிறது. ‘அவள் மாத்திரம் வேலைக்கு வருகிறாளே, உனக்கென்ன?’ என்று கேட்பவர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

கர்ப்பிணியின் ஆசைகளையும் தமிழ் இலக்கியம் மறக்கவில்லை. ‘வயா’ என்பது அதற்குரிய பழஞ்சொல். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று இருபதாம் பாட்டு, அவன் நாட்டு மண்ணை வயா உற்ற மகளிர் விரும்பி உண்பரேயன்றிப் பகைவர் கொள்ளார் என்று வியக்கிறது. மண் தின்னும் ஆசை கவிஞன் கற்பனையன்று. இன்றும் மண், சாம்பல், பச்சரிசி, பனிக்கட்டி முதலியவற்றின்மேல் ஆசை கொள்ளும் கர்ப்பிணிகள் உளர். இரத்த சோகை உள்ளவர்களிடம் இவ்வாசை மிகுதியாகக் காணப்படுகிறது. எனவே அதை நாணி மறைப்பதைவிடத் தாதியிடம் சொல்லி இரத்தத்தைச் சோதித்துக்கொள்வதே அறிவுடைமை.

தேயிலை மலையில் வாழ்வோர்க்கு ஈண்டு ஒரு சிறு குறிப்பு. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கிறது. குளிர் மிகுந்த மலையில் சூடான தேநீரை விடுவது எளிதன்று, விடவும் வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு அளவாகப் பருகினால் போதும்.

நிலைக்காத கரு

முதல் மூன்று மாதப் பேச்சின் மிகக் கடினமான பகுதி இதுவே. கருவுற்றதாக உறுதி செய்யப்பட்டவற்றுள் நூற்றுக்கு 15 அளவில் கலைந்துவிடுகின்றன. இருபது கர்ப்பிணிகள் ஓரிடத்தில் கூடினால், அவர்களுள் மூவருக்கு இது நேரலாம் என்பது இதன் பொருள். முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, கருவின் மரபணுத் திரிகளில் எண்ணிக்கை பிறழ்ந்ததால் நேர்பவை. கருத்தரித்த கணத்திலேயே நேர்ந்த பிறழ்வு அது. மேடு ஏறியதாலோ, மாமியாரோடு வாக்குவாதம் செய்ததாலோ, பழுத்த பப்பாளித் துண்டு ஒன்றைத் தின்றதாலோ, யாரோ ஒருத்தி பார்த்த பார்வையாலோ அது நேர்வதில்லை.

இவ்வுண்மை தெரியாத பெண் குற்றத்தைத் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறாள். கருவுற்றதே எவருக்கும் தெரியாதாகையால், இழந்ததும் எவருக்கும் தெரிவதில்லை. இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறாள். இலண்டன் நகரிலும் பெல்ஜியத்தின் லூவன் நகரிலும் ஆராயப்பட்டு 2020-இல் வெளியான ஓர் அறிக்கை, தொடக்க மாதங்களில் கருவை இழந்த பெண்களுள் ஒரு மாதம் கழிந்த பின்னும் நூற்றுக்கு 29 பேரிடம் பேரதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்ததைக் கண்டது. ஒன்பது மாதம் கழிந்த பின்னும் அத்தகையோர் நூற்றுக்கு 18 பேர். மருத்துவ வசதி மிக்க நகரங்களிலேயே இவ்வாறென்றால், வாய்விட்டு அழவும் இடமில்லாதவள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இத்துயரத்தை முழுமையாகக் கண்டுகொள்வதில்லை. மலேசியாவின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் நெடுங்காலம் 60 நாளாக இருந்த மகப்பேறு விடுப்பு, 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு 98 நாளாயிற்று. பாராட்டத்தக்க மாற்றம் இது. ஆனால் 22 வாரத்திற்குப் பிந்திய பேற்றுக்கே இவ்விடுப்பு உரியது. அதற்கு முன் கரு கலைந்தவளுக்கு, மருத்துவர் எழுதித் தரும் நோய் விடுப்பே உண்டு. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமோ, தோட்டத் தொழிலாளிகள் உட்பட, கரு கலைந்த பெண்ணுக்கு ஆறு வாரம் கூலியுடன் ஓய்வு வகுத்தது. ஒரே தேயிலைக் கொழுந்தைப் பறிக்கும் இரு நாட்டுப் பெண்களுக்கு இடையே உள்ள இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

மௌனத்தின் விலை

தாய்மார் இறப்பை ஆராய்ந்த தடியஸ், மெயின் என்னும் இருவர் 1994-இல் ‘மூன்று தாமதங்கள்’ என்ற கருத்தை விளக்கினர். ஆபத்தை உணர்ந்து உதவி தேட முடிவு செய்வதில் தாமதம். மருத்துவமனையை அடைவதில் தாமதம். அங்குப் போய்ச் சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இவற்றுள் பின்னைய இரண்டையும் மலேசிய அரசு பெரிதும் குறைத்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் மாண்டனர். 2019-இல் அத்தொகை 21 அளவுக்கு இறங்கியது. கிராமப்புறக் கிளினிக்குகளும், பயிற்சி பெற்ற மருத்துவத் தாதியரும், இடரின் அளவுக்கேற்பக் கர்ப்பிணியின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக்குறி இடும் முறையும் இவ்வெற்றிக்குத் துணை நின்றன. சிவப்புக் குறி உடனே மருத்துவமனைக்கு அனுப்பத் தக்கதையும், மஞ்சள் விரைவில் மருத்துவர் பார்க்கத் தக்கதையும் உணர்த்தும்.

ஆனால் முதல் தாமதம் வீட்டுக்குள் நிகழ்வது. தாதியின் நிறக்குறி, தாதியிடம் வந்தவளுக்கே கிடைக்கும். பன்னிரண்டு வாரத்திற்குள் கிளினிக்கில் பதிவு செய்துகொள்ளுமாறு சுகாதாரத் துறை வலியுறுத்துகிறது. பன்னிரண்டு வாரம் முடியும்வரை வெளியில் சொல்லாதே என்று குடும்பம் சொல்கிறது. இரண்டு அறிவுரைகளுக்கும் இடையில் பெண் சிக்குகிறாள். கருப்பைக்கு வெளியே குழாயில் கரு தங்கிவிடுவது நூற்றுக்கு ஒருத்தி அல்லது இருவருக்கு நேர்கிறது. அடிவயிற்றில் ஒரு புறம் கடும் வலி, தோளில் வலி, மயக்கம், இரத்தப்போக்கு என்பன அதன் அறிகுறிகள். குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். திரிங்காப்பிலிருந்து தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குப் பிரிஞ்சாங் வழியாக வளைந்து செல்ல வேண்டும். விடுமுறை நாள்களில் சுற்றுலாக்காரர் வண்டிகளால் அச்சாலை நெரிசல் மிகுவதை மலைவாசிகள் அறிவர். வீட்டில் தயங்கிய ஒரு மணியும் சாலையில் நின்ற ஒரு மணியும் சேர்ந்தால் என்னாகும்?

இன்னொரு விலையும் உண்டு. கருவுற்றதை மண்டோர் அறியாதவரை, அவள் மருந்து கலக்கவும் தெளிக்கவும் போகலாம். பாரச் சுமையைத் தூக்கலாம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வேறு மருந்துகள் புழங்குகின்றன. உறுப்புகள் உருவாகும் வாரங்களில் அவற்றிலிருந்து விலகி இருப்பதே முறை. கர்ப்ப காலத்தில், கருவுற்ற காரணத்தால் பெண்ணை வேலைநீக்கம் செய்வதை இன்றைய சட்டம் தடுக்கிறது. சொல்லத் துணிந்தவளுக்கே அந்தப் பாதுகாப்பு பயன்படும்.

கூடிப் பேசியதன் பயன்

நேபாளத்தின் மக்வான்பூர் மலை மாவட்டத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. ஊர்ப் பெண் ஒருத்திக்குச் சிறு பயிற்சி அளித்து, மாதம் ஒரு முறை பெண்களைக் கூட்டிப் பேச்சை நடத்திச் செல்லச் செய்தனர். அவள் மருத்துவச்சி அல்லள். பாடம் நடத்தவும் இல்லை. பெண்களே தங்கள் இன்னல்களைச் சொல்லி, எது முதன்மையானதென்று தேர்ந்து, கூடி வழி கண்டு, செய்து பார்த்து, பயனை அளந்தனர். சில குழுக்கள் அவசரத்திற்குச் சிறு நிதி சேர்த்தன. சில, நோயாளியைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்தன. 2004-இல் வெளிவந்த முடிவின்படி, குழுக்கள் நடந்த பகுதிகளில் பிறந்து ஒரு மாதத்திற்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்திற்கு 26. நடவாத பகுதிகளில் 37.

இந்தியாவில் ஜார்க்கண்ட், ஒரிசா மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் ‘ஏக்ஜுட்’ என்னும் தொண்டு நிறுவனம் இதே முறையைப் பின்பற்றியது. கதையும் பட அட்டை விளையாட்டும் அங்கே பேச்சைத் தூண்டின. 2010-இல் வெளியான அதன் முடிவு, பச்சிளங் குழந்தைகளின் இறப்பு மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 32 பங்கு குறைந்ததைக் காட்டியது. தாய்மாரிடம் மிதமான மனச்சோர்வு மூன்றாம் ஆண்டில் நூற்றுக்கு 57 பங்கு குறைந்தது. மனச்சோர்வுக்கென அங்கு ஒரு மாத்திரையும் கொடுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

எல்லா இடத்திலும் இவ்வாறு நடந்ததா எனின், இல்லை. வங்காள தேசத்தில் நடந்த முதற் சோதனை பயன் தரவில்லை. அங்கே ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழுவே இருந்தது. ஜார்க்கண்டிலோ 468 பேருக்கு ஒன்று. குழுக்களைப் பெருக்கி, கர்ப்பிணிகளை மிகுதியாகச் சேர்த்து மீண்டும் நடத்தியபோது வங்காள தேசத்திலும் இறப்பு குறைந்தது. ஏழு சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்த 2013-ஆம் ஆண்டு அறிக்கையும், கர்ப்பிணிகளுள் பத்தில் மூவரேனும் கலந்துகொண்ட இடங்களில்தான் பயன் பெரிதாக இருந்தது என்று கூறிற்று. அடுத்த ஆண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய மகளிர் குழுக்களைப் பரிந்துரைத்தது. பெயருக்கு ஒரு கூட்டம் போதாது. ஊர்ப் பெண்கள் வந்து அமர வேண்டும் என்பது இதன் பாடம்.

மேல்நாட்டிலும் இவ்வெண்ணம் வேறொரு வடிவில் தோன்றியது. ஷாரன் ஷிண்ட்லர் ரைசிங் என்னும் அமெரிக்க மருத்துவத் தாதி, 1990-களில் எட்டு முதல் பன்னிரண்டு கர்ப்பிணிகளை வட்டமாக அமர்த்திச் சோதனையையும் பேச்சையும் ஒன்றாக்கினார். பெண்களே தம் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டனர். 1,047 பெண்களைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதப் பிறப்பு நூற்றுக்கு 13.8-இலிருந்து 9.8-ஆகக் குறைந்திருந்தது. பின்னர் வேறிடத்தில் 2,300-க்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஆய்வில் அவ்வேறுபாடு தென்படவில்லை. ஆகவே குறைமாதப் பிறப்பை இம்முறை தடுக்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க முறையில் வட்டம் பெரும்பாலும் நான்காம் மாதத்தை ஒட்டியே தொடங்குகிறது. அதாவது சொல்லாத மூன்று மாதம் அங்கும் வெளியே நின்றுவிடுகிறது. மக்வான்பூரிலும் ஜார்க்கண்டிலும் குழு கர்ப்பிணிகளுக்கு மட்டும் உரியதன்று. ஊர்ப் பெண்கள் எவரும் வரலாம். அதனால் குழுவுக்கு வருவதாலேயே ஒருத்தியின் நிலை வெளிப்பட்டுவிடாது. தன் செய்தியைச் சொல்லாமலே பிறர் செய்தியைக் கேட்கலாம். கேட்கக் கேட்கச் சொல்லும் துணிவு பிறக்கும். மறைக்கும் உரிமையும் கெடாமல் துணையும் கிடைக்கும் வழி இது.

பேச்சின் தீங்கு

பேச்சு எல்லாம் நன்மையே என்று கொள்வதும் தவறு. அச்சமூட்டும் கதைகளைச் சொல்லி மகிழ்பவர்கள் எங்கும் உண்டு. ‘என் தங்கைக்கு இப்படித்தான் ஆரம்பித்தது’ என்ற ஒரு சொல் ஒருத்தியின் ஒரு மாதத் தூக்கத்தைக் கெடுக்கும். வாந்தி மிகுந்தால் ஆண், குறைந்தால் பெண் என்பன போன்ற சோதிடங்கள் வீண் மனக்கசப்பை விளைவிக்கும். ஒருத்திக்கு ஒத்துக்கொண்ட நாட்டு மருந்து மற்றொருத்திக்கு ஆகாது. குமட்டலுக்குச் சிறிது இஞ்சி நன்று. பெயர் தெரியாத வேர்க் கஷாயம் நன்றன்று.

எனவே குழுவுக்கு ஒரு நெறி வேண்டும். தன் அனுபவத்தைச் சொல்லலாம். பிறருக்கு மருந்து சொல்லலாகாது. கேட்ட செய்தி அவ்விடத்தை விட்டு வெளியே போகலாகாது. ஐயம் எழுந்தால் கிளினிக் மிஸ்ஸியிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை, இரத்தப்போக்கு, அடிவயிற்றுக் கடும் வலி, மயக்கம், காய்ச்சல் என்னும் ஐந்தையும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தோன்றினும் பேச்சை நிறுத்தி வண்டியைத் தேட வேண்டும். கடும் மசக்கை நூறு பேரில் ஒருவர் முதல் மூவருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகிறது. அதனைப் பொறுமையால் வெல்ல முடியாது.

திரிங்காப்புக்கு ஏற்ற வழி

இவ்வளவையும் ஒரு மலைச் சிற்றூரில் செய்ய இயலுமா? பெரும் பொருள் எதுவும் வேண்டியதில்லை. கிளினிக்கின் காத்திருப்பு நாற்காலிகளிலேயே தமிழ், மலாய், சீன, செமாய்ப் பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றனர். தம் முறை வரும்வரை சுவரைப் பார்த்திருக்கும் அப்பொழுதே ஒரு வட்டத்துக்குப் போதும். கோயில் மண்டபம், தமிழ்ப் பள்ளி வகுப்பறை, தோட்டத்துப் பொது மண்டபம் இவற்றுள் ஒன்றில் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் பெண்கள் கூடலாம். கர்ப்பிணிகள் கூட்டம் என்று பெயர் வையாமல், பெண்கள் கூட்டம் என்று வைப்பதே உத்தமம். அண்மையில் மணமானவளும், பிள்ளை பெற்று ஓராண்டானவளும், பேரன் பேத்தி எடுத்தவளும் வரட்டும். ஃபோலிக் அமிலம் மணமான பெண்ணின் காதில் விழ வேண்டிய நேரம் அதுவே.

மாமியாரை இக்கூட்டத்திலிருந்து விலக்குவது அறிவுடைமையாகாது. வீட்டில் யார் எப்போது கிளினிக் போவதென்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அவரே. தாம் அந்நாளில் எவருக்கும் சொல்லாமல் இழந்த ஒரு கருவைப் பற்றி ஒரு மூத்த பெண்மணி முதன்முறையாக வாய் திறப்பாரானால், அது இளையவர்களுக்கு எந்த மருத்துவ நூலும் தராத ஆறுதலைத் தரும். கணவன்மாருக்கும் கடமை உண்டு. அடுப்படி வாடை ஒவ்வாத வாரங்களில் சமையலை ஏற்பதும், அவசரத்திற்கு எவர் வண்டி என்று முன்கூட்டியே பேசி வைப்பதும் அவர்கள் பங்கு.

முழு உலகுக்கும் பறைசாற்ற வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. தாதி ஒருத்தி, தோழி ஒருத்தி, வீட்டுப் பெரியவர் ஒருவர் எனக் குறைந்தது மூவருக்கேனும் தெரிந்திருக்கட்டும். கரு நிலைத்தால் மகிழ்வதற்கு மூவர்; நிலைக்காவிடில் கண்ணீர் துடைப்பதற்கு மூவர்; ஆபத்து வந்தால் வண்டி பிடிப்பதற்கு மூவர். கண்ணேறு படாதிருக்க முன்னோர் கட்டிய திரை, உதவிக் கரமும் படாதபடி தடுக்கும் சுவராகிவிடக் கூடாது.

அந்நாளில் நிரையில் உடன் நின்றவள், வாயால் ஒன்றும் கேளாமல், சோர்ந்தவள் கூடையில் ஒரு பிடி கொழுந்தைச் சேர்த்தாள். நிரைகள் கலைந்துபோன இந்நாளில் அப்பிடிக் கொழுந்துக்கு ஈடாகக் கொடுக்கக் கூடியது ஒன்றுதான். அது, அஞ்சாமல் பேச ஓர் இடமும், கேட்பதற்கு ஒரு காதும் ஆகும்.